கேட்டு எழுதிய மருந்து: அயர்லாந்தின் கைவைத்தியமும் நோய்நீக்க நம்பிக்கைகளும்



இலக்கணமும் இலக்கியமும் பேசப்பெறும் இம்மேடையில் அயர்லாந்து நாட்டுக் கைவைத்தியத்தைப் பேசவந்தது ஏன் என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் எம்மை வினவினார். நம் நாட்டுக் கான்வென்ட் பள்ளிகளில் பயின்ற மூத்தோர்க்கு அயர்லாந்து முற்றிலும் அயல்நாடு அன்று. அவர்களுள் பலர்க்குப் பாடம் சொன்ன கன்னியர் அங்கிருந்து வந்தவர். ஆயினும் நாம் இப்பொருளை எடுத்தற்குக் காரணம் அது அன்று. அந்நாட்டின் கைவைத்தியத்தைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியை எழுதிவைத்தவர்கள் தொடக்கப்பள்ளி மாணவர்கள்; எழுதச் செய்தவர்கள் அவர்களுடைய ஆசிரியர்கள். ஆசிரியரும் மாணவரும் கூடியுள்ள அவையில் அதனைச் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது?

முதலில் அக்கதையைக் கேளுங்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். மாண்டவரும் போனவரும் பெரும்பாலும் ஐரிய மொழி பேசிய ஏழை உழவர். எனவே மக்களோடு மொழியும் தேய்ந்தது. 1922இல் நாட்டின் 26 மாவட்டங்கள் தன்னாட்சி பெற்றபோது, ஐரியம் மேற்குக் கடலோரச் சிற்றூர்களில் ஒதுங்கிக் கிடந்தது. முதியோர் ஒருவர் இறந்தால் அவரோடு கதைகளும் பாடல்களும் மருந்துகளும் மண்ணுக்குள் போயின. இந்நிலையில் 1935இல் அரசு ஐரிய நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்தது. அதன் இயக்குநர் ஷேமஸ் ஓ டிலார்கா. ஆவணக் காப்பாளர் ஷான் ஓ சூல்லவான். ஊர் ஊராகச் சென்று தொகுப்பதற்கு அவர்களிடம் இருந்த முழுநேரப் பணியாளர் மிகச் சிலரே.

அப்பொழுதுதான் பள்ளிகளை நாடினர். கல்வித்துறையும் ஆசிரியர் சங்கமும் இசைந்தன. 1937இல் ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்புகளைக் கொண்ட சிறு கையேடு ஒன்று ஆசிரியர்களுக்கு அனுப்பப்பெற்றது. ஊரிலுள்ள கோட்டை மேடுகள், மறைந்த தொழில்கள், வானிலைக் குறிகள், பேய்க்கதைகள், உள்ளூர் மருந்துகள் என அத்தலைப்புகள் விரிந்தன. 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர் தம் பாட்டன் பாட்டியரையும் அண்டை வீட்டாரையும் கேட்டு வந்து, கட்டுரைப் பாடவேளையில் அதனை எழுதவேண்டும். சிறந்தவற்றை ஆசிரியர் பெரிய ஏட்டில் படியெடுக்கச் செய்து அனுப்பவேண்டும். ஏறத்தாழ 5,000 பள்ளிகள், 50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள், ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். 1939க்குள் முடிந்த பணி இது. அவ்வேடுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடம் செய்த தொகுதிகளாக உள்ளன. ஆணையத்தின் தொகுப்பு முழுமையும் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

கட்டுரைப் பாடவேளை என்று சொன்னோம். அதனை ஆசிரியர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். 'நான் சென்ற சுற்றுலா' என்று எழுதியிருக்கவேண்டிய வேளையில் ஒரு சிறுமி, 'எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மூதாட்டி மருவை எப்படிப் போக்குவார்' என்று எழுதினாள். யார் சொன்னார், அவர்க்கு வயதென்ன, எந்த ஊர் என்பதையும் அடியில் குறித்தாள்.

இனி அப்பிள்ளைகள் எழுதிய மருந்துகளுக்கு வருவோம். அறிஞர்கள் இவற்றை இயற்கை மருந்து, மந்திர மருந்து என இரண்டாகப் பிரிப்பர். பிள்ளைகளின் ஏடுகளில் அப்பிரிவு கிடையாது. இருமலுக்குக் காரகீன் என்னும் கடற்பாசியைப் பாலில் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியிலேயே, கக்குவான் இருமல் கண்ட குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் மும்முறை நுழைத்து எடுக்கவேண்டும் என்று இருக்கும். இரண்டையும் எழுதிய கை ஒன்றே. சொன்ன வாயும் ஒன்றே.

கக்குவான் இருமலுக்கு எத்தனை மருந்துகள்! மரநாய் குடித்து மிச்சம் வைத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். திருமணத்திற்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பப்பெயர் உடைய பெண்ணிடம், அஃதாவது தன் குடும்பப்பெயரையே கொண்ட ஒருவனை மணந்தவளிடம், ரொட்டித்துண்டு கேட்டு வாங்கி ஊட்டலாம். வெள்ளைக்குதிரையின்மேல் வருபவனை வழிமறித்து, 'இருமலுக்கு என்ன மருந்து?' என்று கேட்கலாம்; அவன் வாயில் முதலில் வருவது எதுவோ அதுவே மருந்து. குதிரைக்காரன் வேடிக்கையாக எதையேனும் உளறிவிட்டுப் போனாலும் தாய் அதனை உண்மையாகவே செய்துபார்ப்பாள். சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் அக்காலத்தில் கக்குவான் இருமல் குழந்தைகளைக் கொன்ற நோய். மூச்சு முட்டி முகம் நீலம் பாரித்த பிள்ளையைக் கையில் வைத்திருந்தவள், வழியில் போகும் எவனையும் கேட்கத்தான் செய்வாள்.

பொன்னுக்கு வீங்கிக்குக் கழுதையின் கடிவாளத்தைப் பிள்ளையின் தலையில் மாட்டி ஓடைக்கரைக்கு நடத்திச் சென்று நீர் குடிக்கச் செய்தனர். கண்கட்டிக்குக் கூஸ்பெரிச் செடியின் முள் பத்து வேண்டும். ஒன்பதைக் கட்டிக்கு நேரே காட்டிப் பத்தாவதைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிடவேண்டும். மருவுக்கு நத்தையைத் தேய்த்து அந்நத்தையை முள்ளில் குத்தி வைப்பர். நத்தை வாடவாட மருவும் வாடும். மற்றொரு வழி சற்றே கொடியது. மருக்கள் எத்தனையோ அத்தனைக் கூழாங்கற்களை ஒரு பையிலிட்டு நாற்சந்தியில் போட்டுவிடுவர். ஆசையால் பையை எடுப்பவர்க்கு மருவும் போய்ச் சேரும். தெருவில் கிடக்கும் பையை எடுக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி அந்த ஊரார்க்குக் கிட்டவில்லை போலும்.

இவற்றைவிட எம் கருத்தைக் கவர்வது மருந்தை 'உடையவர்' பற்றிய வழக்கமே. அயர்லாந்தில் இன்றும் ஒருவரைச் சுட்டி, அவரிடம் அந்நோய்க்கு 'மருந்து இருக்கிறது' என்பார்கள். அவர் மருத்துவர் அல்லர். உழவராகவோ கடைக்காரராகவோ தெருவில் நம்மைப்போல் நடமாடுபவர். பல நோய்க்கும் மருந்து உடையவர் அரியர். ஒருவரிடம் படர்தாமரைக்கு இருக்கும்; வேறொருவரிடம் தீப்புண்ணுக்கு இருக்கும்; மூன்றாமவரிடம் சுளுக்குக்கு இருக்கும். மொழியாசிரியர்கட்கு ஓர் இடைக்குறிப்பு: ஐரிய மொழியில் 'உடைத்தாயிரு' என்னும் பொருளில் தனி வினை இல்லை. நாம் 'அவரிடம் இருக்கிறது' என்பதுபோலவே அவர்களும் உடைமையை இருத்தல் வினையால் சொல்வர். ஆங்கிலத்தில் அவர்கள் பேசும்போதும் மருந்தை ஒருவர் கையில் தங்கியிருக்கும் பொருளாகவே கருதுவதை உணரலாம்.

அப்பொருள் எவ்வாறு கைக்கு வந்தது? சிலர்க்குப் பிறப்பால் வந்தது. பெண்பிள்ளை இடையிடாது தொடர்ந்து பிறந்த ஏழாம் மகனுக்கு அவ்வாற்றல் உண்டு; ஏழாம் மகனுக்கு ஏழாம் மகனாயின் சொல்லவே வேண்டா. குழந்தையின் கையில் மண்புழுவை வைத்துப் பார்ப்பர். புழு இறந்துவிட்டால் ஆற்றல் உறுதி. தந்தை முகம் காணாமல் பிறந்த பிள்ளை, பச்சிளங்குழவியின் வாயில் ஊதினால் வெண்புண் ஆறும். கியோ என்னும் குடும்பப்பெயர் உடையோரின் குருதித்துளி அக்கியைத் தணிக்கும் என்பதும் பரவலான நம்பிக்கை. வேறு சிலர் செயலால் பெற்றனர்: நீர்ப்பல்லி ஒன்றைப் பிடித்து நாவால் நக்கியவர்க்குத் தீப்புண்ணை நக்கி ஆற்றும் வல்லமை வாய்க்கும். இன்னும் சிலர்க்கு மருந்து மரபுரிமையாக வந்தது. பல குடும்பங்களில் அஃது ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் மாறிமாறிச் செல்லும்.

மருந்து பெறுவதற்கு விதிகள் உண்டு. உடையவர் தாமாக முன்வந்து கொடுத்தல் ஆகாது, நோயாளி கேட்கவேண்டும். பெரும்பாலும் மும்முறை போகவேண்டும். இரண்டு திங்களும் ஒரு வியாழனும் என்று நாள் குறிப்பிட்டிருக்கும். காசு கொடுக்கக்கூடாது, வாங்கினால் ஆற்றல் போய்விடும். முட்டையோ புகையிலையோ பேச்சுவாக்கில் மேசைமேல் வைத்துவிட்டு வரலாம். பல இடங்களில் நன்றி என்று சொல்வதும் தவறு.

காசு வாங்காமை ஏழைகளுக்கு எத்துணைப் பெரிய உதவி என்பது வெளிப்படை. 1851ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் ஏழைகளுக்கு இலவச மருந்தகங்கள் வந்தன என்றாலும், அங்குச் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். அச்சீட்டை வழங்குவோரிடம் கைகட்டி நிற்கவேண்டும். மருந்து உடைய அண்டை வீட்டாரிடம் அத்தகைய நிற்றல் இல்லை. இன்று கொடுப்பவர் நாளை தம் பிள்ளைக்குப் பல்வலி என்று வேறொருவர் வாயிலில் நிற்பார். ஊரின் ஆற்றல் ஒருவர் கையில் குவியாமல் சிறுசிறு பங்காகப் பலர் கையில் இருந்தது. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை.

புனித ஊற்றுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் இல்லை. அயர்லாந்தில் அத்தகைய ஊற்றுகள் ஏறத்தாழ 3,000 உண்டென்பர். கண்நோய்க்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று எனப் பிரிவு உண்டு. ஊற்றைக் கதிரவன் செல்லும் திசையில் வலமாகச் சுற்றுவர். அருகிலுள்ள மரத்தில் தம் ஆடையிலிருந்து கிழித்த துணியைக் கட்டுவர். துணி நைந்து மட்குந்தோறும் நோயும் குறையும் என்பது எண்ணம். பிப்ரவரி முதல் நாள் புனித பிரிஜித் திருநாள். முன்னிரவில் ஒரு துணியை வீட்டுக்கு வெளியே விரித்துவைத்து, விடியலில் எடுத்துப் பெட்டியில் காப்பர். ஆண்டு முழுதும் தலைவலிக்கும் பேறுகாலத்திற்கும் அத்துணியே துணை. கார்க் மாவட்டத்துப் பாலிவூர்னி என்னும் ஊரில் பிப்ரவரி 11ஆம் நாள் புனித கொப்னெட்டின் மரச்சிலைக்கு நேரே நாடாவை நீட்டி அளந்து எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. 2023 முதல் பிரிஜித் திருநாளையொட்டி அரசு விடுமுறை விடப்படுகிறது. துணியை வெளியே வைப்பவர் தொகை அதனால் கூடியிருக்கலாம் என்பது எம் ஊகம்.

செடிகளின் பெயர்களிடத்தே நாம் சற்று நின்று செல்லவேண்டும். மொழிக்கழகத்தார்க்கு உரிய பகுதி அதுவே. ஐரியத்தில் 'லுஸ்' என்றால் செடி, மூலிகை. 'ஸ்லான்' என்றால் நலம். 'ஸ்லான்லுஸ்' என்பது வழியோரத்தில் வளரும், நீண்ட இலையுடைய ஒரு சிறு பூண்டு. நலப்பூண்டு என்று அதனைத் தமிழாக்கலாம். கைவெட்டுப்பட்டால் அவ்விலையை மென்று காயத்தில் வைப்பர். காம்ஃபிரி என்று ஆங்கிலத்தில் வழங்கும் செடிக்கு ஐரியப் பெயர் 'முறிந்த எலும்புகளின் மூலிகை' என்று பொருள்படும். அதன் வேரை அரைத்துச் சுளுக்குக்கும் முறிவுக்கும் பற்றுப்போட்டனர். பெயரைக் கற்ற குழந்தை பயனையும் கற்றுவிடுகிறது. அதே செடியை ஆங்கிலப் பெயரால் மட்டும் அறிந்த பேரனுக்கு அஃது எதற்கும் ஆகாத வேலியோரக் களை. மொழி மாறியபோது அயர்லாந்து இழந்தவற்றுள் இவ்வகை அறிவும் ஒன்று. ஓர் இலையையேனும் எவரும் பறித்துச் செல்லவில்லை. செடிகள் அங்கேயேதான் நின்றன.

இதனை முன்னரே உணர்ந்தவர்களுள் ஒருவர் டப்ளின் கண்மருத்துவர் வில்லியம் வைல்டு. நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டின் தந்தை. 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இறப்புகளைப் பற்றிய பகுதியை ஆக்கியவர் அவர். பஞ்சத்தால் செத்தவர்களைக் கணக்கிடும் அந்த அறிக்கைக்குள் நோய்களின் ஐரியப் பெயர்களையும் திரட்டிச் சேர்த்தார். ஏழை நோயாளிகளிடம் கட்டணத்துக்குப் பதிலாகப் பழங்கதை கேட்டு வாங்கினார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வர். அவர் மறைந்தபின் அவர் மனைவி அத்தொகுப்புகளைக் கொண்டு 1887இலும் 1890இலும் நூல்கள் வெளியிட்டார்.

மூலிகைகளைப் பற்றிய ஐரியப் பழங்கதை ஒன்றும் உண்டு. தேவர்களின் மருத்துவன் தியன் கேட்டு என்பவன். அரசன் நுவாடா போரில் கையிழந்தபோது, தியன் கேட்டு வெள்ளியால் கை செய்து பொருத்தினான். அவன் மகன் மியாக்கோ, உண்மைக் கையையே மீண்டும் தசையும் நரம்புமாக ஒட்டவைத்தான். பொறாமை கொண்ட தந்தை மகனைக் கொன்றான். மகனின் கல்லறையில் அவன் உடலின் மூட்டுகளுக்கும் நரம்புகளுக்கும் ஏற்ப 365 மூலிகைகள் முளைத்தன. தங்கை எர்மெத் அவற்றை வகைபிரித்துத் தன் மேலாடையில் அடுக்கினாள். தந்தை வந்து ஆடையை உதறி எல்லாவற்றையும் கலைத்துவிட்டான். அதனால்தான் எந்த மூலிகைக்கு எப்பயன் என்பதை மனிதர் முழுமையாக அறிந்திலர் என்று கதை முடிகிறது. நம் அறியாமைக்குக் காரணம் சொல்லும் கதைகளுள் இதுபோல் மனத்தைத் தைப்பது வேறொன்றை நாம் படித்ததில்லை.

கலைந்த மூலிகைகளைத் திரும்ப அடுக்க முயன்றவர் உண்டு. மல்லின் என்னும் செடியின் இலையைப் பாலில் காய்ச்சிக் காசநோயாளிக்குக் கொடுப்பது அயர்லாந்தில் ஊரறிந்த மருந்து. தோட்டங்களில் இதற்கெனவே அதனை வளர்த்தனர். 1883இல் டப்ளின் மருத்துவர் குவின்லன் தம் நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்து, பிரிட்டானிய மருத்துவ இதழில் எழுதினார். இருமல் தணிந்ததைக் கண்டார். ஆனால் நோயைப் போக்கும் மருந்து அது அன்று. காசநோய் அதற்குப்பின்னும் அறுபது ஆண்டுகள் அயர்லாந்தின் இளையோரைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. 1943இல் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர் வகையிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே நிலை மாறத் தொடங்கிற்று.

மண் என்றவுடன் போஹோ என்னும் ஊரைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்தில் உள்ளது அது. 1815இல் இறந்த ஜேம்ஸ் மக்கர் என்னும் பாதிரியார், தாம் உயிரோடிருந்து தீர்த்த நோய்களைத் தம்மேல் மூடும் மண் தீர்க்கும் என்று சொல்லிச் சென்றார் என்பது ஊர்வழக்கு. நோயுற்றோர் அவர் கல்லறையிலிருந்து சிறிது மண் எடுத்துப் பொட்டலமாகக் கட்டித் தலையணையின்கீழ் வைப்பர். நான்கு நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். 2018இல் வேல்சு நாட்டுச் சுவான்சி பல்கலைக்கழகத்தார் அம்மண்ணில் இதற்குமுன் அறியப்படாத ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்றைக் கண்டனர். மருந்துகளுக்கு அடங்காதவை என உலக நலவாழ்வு நிறுவனம் முன்னிறுத்திய ஆறு வகைக் கிருமிகளுள் நான்கின் வளர்ச்சியை அது சோதனைத் தட்டில் தடுத்தது.

இச்செய்தி வெளிவந்த நாளில், 'பாட்டி வைத்தியத்தை அறிவியல் மெய்ப்பித்தது' என்னும் முழக்கம் எங்கும் எழுந்தது. மாணவர்கள் இங்குச் சற்று நிதானிக்கவேண்டும். சோதனைத் தட்டில் கிருமியைத் தடுப்பது வேறு. மனித உடலில் நோயைத் தீர்ப்பது வேறு. அவற்றுக்கிடையே பல ஆண்டு ஆய்வு உண்டு. தலையணைக்கடியில் துணியில் முடிந்து வைத்த மண்ணிலுள்ள நுண்ணுயிர் தொண்டைப்புண்ணை எட்டுவதற்கு வழியும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் உலகின் எல்லா மண்ணிலும் பரவியிருக்கும் இனம். மறுபுறத்தில், ஆய்வாளர்கள் எத்தனையோ இடமிருக்க அந்த இடத்து மண்ணை எடுத்ததற்குக் காரணம் ஊர்வழக்குத்தான். அவர்களுள் ஒருவர் அப்பகுதியில் வாழ்ந்து அதனைக் கேள்விப்பட்டவர். வழக்கு அவர்களுக்குத் தேடவேண்டிய இடத்தைக் காட்டிற்று. நம்பிக்கையின் தகுதியை இவ்வளவென்று அளந்து சொல்வது எமக்குப் போதுமானதாகவே தோன்றுகிறது. அதற்குமேல் சொன்னால் அடுத்து நாம் சொல்லவிருக்கும் நிகழ்ச்சிக்கு நம்மால் விடைசொல்ல இயலாது.

1895ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். டிப்பரேரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்னும் சிற்றூர். பிரிஜித் கிளியரி 26 வயதுப் பெண், தையற்காரி, கோழி வளர்த்து முட்டை விற்றுத் தனிக்காசு வைத்திருந்தவள். கணவன் மைக்கேல் மரப்பீப்பாய் செய்பவன். எழுதப் படிக்கத் தெரிந்தவன். குளிர்காற்றில் நடந்துவந்த பிரிஜித் நோயுற்றாள். மருத்துவரை அழைக்க அவள் தந்தையும் கணவனும் மாறிமாறி நடந்தனர். அவர் வந்து சேரப் பல நாளாயிற்று. அதற்குள் உறவினர் ஒருவர், படுத்திருப்பவள் பிரிஜித் அல்லள் என்றார். மேட்டுக் கோட்டைகளில் வாழும் தேவதைகள் மனிதரைத் தூக்கிச் சென்று அவர் உருவில் வேறொன்றை விட்டுச்செல்லும் என்பது பழைய நம்பிக்கை. கணவன் மூலிகை அறிந்தவன் ஒருவனிடம் மருந்து வாங்கிவந்தான். அதனைப் பாலில் கலந்து, ஆடவர் நால்வர் பிடித்துக்கொள்ள, அவள் வாயில் ஊற்றினர். 'நீ மைக்கேல் கிளியரியின் மனைவியா?' என்று கடவுள் பெயரால் மும்முறை கேட்டனர். மார்ச்சு 15ஆம் நாள் இரவு, அவ்வினாவுக்கு மூன்றாம் முறை அவள் உடனே விடை சொல்லவில்லை என்று, கணவன் அவளைத் தீயிட்டுக் கொன்றான். சுற்றி இருந்தவர் அவளுடைய தந்தை, அத்தை, அத்தை மக்கள். அதன்பின் அவன் பல இரவுகள் கோட்டை மேட்டில் காத்திருந்தான். வெள்ளைக்குதிரையில் உண்மை மனைவி வருவாள், மீட்டுவிடலாம் என்று. நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுக் கடுஞ்சிறை விதித்தது. 1910இல் விடுதலையாகி நாட்டைவிட்டுப் போனான்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லாமல் அயர்லாந்தின் கைவைத்தியத்தை இனிமையாகப் பேசி முடித்திருக்கலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் மும்முறை என்னும் எண், மூலிகை, பால், வெள்ளைக்குதிரை ஆகியவை எல்லாம் சற்றுமுன் நாம் சிரித்துக்கொண்டே கேட்டவைதாம். தாய் குழந்தைக்காக வழியில் மறித்ததும் வெள்ளைக்குதிரையைத்தான். எழுத்தாளர் ஏஞ்சலா பர்க் 1999இல் இவ்வழக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தேவதைக் கதைகள் அவ்வூரார்க்கு நேரே பேசமுடியாதவற்றைப் பேசும் மொழியாகவும் இருந்தன என அவர் காட்டுகிறார். பிள்ளைப்பேறு இல்லாமை, தன் காசில் தொப்பி வாங்கி அணியும் பெண்மேல் ஊராரின் பொருமல், கணவனின் அச்சம் ஆகியவற்றை அம்மொழியில் மறைத்துச் சொல்லலாம். அன்றைய லண்டன் செய்தித்தாள்கள் இதனையே எடுத்துக்காட்டி, ஐரியர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றோர் என்று எழுதின என்பதையும் மறவாது சொல்லவேண்டும். பிரிஜித்தின் இறப்பை இரு தரப்பாரும் தத்தமக்குப் பயன்படுத்திக்கொண்டனர். அவள் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நாட்ட எவரும் முன்வரவில்லை.

1937இல் பள்ளிப்பிள்ளைகள் எழுதத் தொடங்கியபோது அந்நிகழ்ச்சி முடிந்து 42 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுக்கு மருந்து சொன்ன பாட்டன் பாட்டியர் அக்காலத்தில் வாலிபராய் இருந்தவர். ஆணையம் அனுப்பிய கையேடு, இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை. உண்மை என்று கொள்ளவும் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதுக, சொன்னவர் யாரென்று குறிக்க என்றது. நாம் எடுத்த பொருளில் ஆசிரியர்கட்குக் கிடைக்கும் பெருஞ்செல்வம் அவ்விரண்டு விதிகளே என்பது எம் எண்ணம்.

எம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறி அமைவோம். சில ஆண்டுகட்கு முன் எம் மாணவர்களிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு மூன்று கைமருந்துகள் எழுதிவருக என்றோம். பாதிப்பேர் இணையத்திலிருந்து அச்சிட்டுக் கொண்டுவந்தனர். மஞ்சளின் பயன்கள் பதினைந்து, இஞ்சியின் பயன்கள் இருபது. ஒரு மாணவன் மட்டும் கிழிந்த தாளில் நான்கு வரி எழுதியிருந்தான். 'பாட்டி சொன்னார். வயது 81. தோட்டத்தில் பால்மரம் சீவும்போது கத்தி பட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ஓர் இலையின் பெயர் சொன்னார். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன், இப்பொழுது அந்த இலை இங்கு இல்லை என்றார்.' அன்று நாம் அவனுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டோம். மூன்று கேட்டோம், ஒன்றுதானே எழுதினான் என்று. இலையின் பெயரைக் குறித்துவைக்கவும் இல்லை. அத்தாள் இப்பொழுது எம்மிடம் இல்லை. அயர்லாந்து ஏடுகளைப் படித்த பின்னரே நாம் எதனைத் தவறவிட்டோம் என்பது எமக்கு விளங்கிற்று.

அவ்வேடுகள் இன்று இணையத்தில் எவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து வந்துள்ளனர். பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால் இங்குள்ள மாணவர்களும் படிக்கலாம். ஊரின் பெயரையோ நோயின் பெயரையோ இட்டுத் தேடினால், எண்பது ஆண்டுக்கும் முன்னர் உங்கள் வயதினர் ஒருவர் மையொற்றி எழுதிய பக்கம் திறக்கும். அடியில் சொன்னவர் பெயரும் வயதும் இருக்கும்.

அயர்லாந்து வழக்கப்படி மருந்து பெற்றவர் நன்றி சொல்லலாகாது. நாம் இங்குக் கொடுத்தது மருந்து அன்று. பொறுமையுடன் கேட்ட உங்களுக்கு நாம் நன்றி சொல்வதில் தடையும் இல்லை.